பெயர்ச்சீட்டில் மூலம் எங்கே?

திரைப்படப் படியொன்றின் தரத்தைக் குறிக்கத் தமிழ்நாட்டில் 'பிரிண்ட்' என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. படச்சுருள் ஓடிய நாளில் அச்சொல்லுக்கு நேரான பொருள் இருந்தது. மூல நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்ட படி நகரத் திரையரங்குகளில் ஓடித் தேய்ந்து, கீறல் பல பெற்று, பின்னர்ச் சிற்றூர்க் கொட்டகைக்கு வந்து சேரும். 'பிரிண்ட் சரியில்லை' என்று கொட்டகையில் ஒருவர் முணுமுணுத்தால், அது அந்தச் சுருள் நடந்து வந்த வழியைப் பற்றிய தீர்ப்பு. சுருள் மறைந்தது; விசிடி வந்து மறைந்தது; டிவிடி வந்து ஒதுங்கியது. இன்று திரைப்படம் என்பது கணினியில் உறங்கும் ஒரு கோப்பு. ஆயினும் 'காமிரா பிரிண்ட்', 'எச்.டி. பிரிண்ட்', 'ஒரிஜினல் பிரிண்ட்' என்னும் பேச்சு நிற்கவில்லை. சுருள் போன பின்னும் சொல் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இப்படி எதிலிருந்து வந்தது என்பதையே பார்ப்பவர் முதலில் அறிய விழைகிறார்.

கோப்பின் பெயரில் இருப்பதோ வேறு. 480, 720, 1080, 2160 என்னும் எண்களும், 'எச்.டி.', '4கே' என்னும் பட்டங்களுமே அங்கு விளங்குகின்றன. 1080 என்பது திரையில் மேலிருந்து கீழாக எண்ணப்படும் கிடைக்கோடுகளின் தொகை. ஒவ்வொரு கோட்டிலும் 1920 படப்புள்ளிகள். ஆக ஒரு சட்டகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் அமைகின்றன. இது கொள்கலத்தின் அளவே. மரக்காலால் நெல்லையும் அளக்கலாம், பதரையும் அளக்கலாம். மரக்காலின் பெயரைச் சொல்லி நெல்லின் தரத்தை எவரும் பேசுவதில்லை. காணொளிக்கு மட்டும் அவ்வாறு பேசுகிறோம். கோப்பின் பெயர்ச்சீட்டு முதலில் மூலத்தைச் சொல்ல வேண்டும். அடுத்து, அம்மூலம் எவ்வாறு, எத்தனை முறை குறியாக்கம் பெற்றது என்பதைச் சொல்ல வேண்டும். அளவெண் மூன்றாம் இடத்தில் நின்றால் போதும் என்பது என் கருத்து.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இரண்டு மணி நேரப் படம் ஒன்று. நொடிக்கு 24 சட்டகங்கள். சட்டகத்துக்கு 1920க்கு 1080 புள்ளிகள். வண்ணச் செய்தியை வழக்கம்போல் ஓரளவு குறைத்துப் புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம் கொண்டாலும், சுருக்கப்படாத நிலையில் அப்படம் ஏறத்தாழ 537 கிகாபைட் இடத்தைக் கேட்கும். ஈரடுக்குப் புளூரே தட்டு கொள்வது 50 கிகாபைட். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் இணையத்தின் வழி வரும் அதே படம் நாலரை கிகாபைட்டில் அடங்கிவிடும். பழைய குறுந்தட்டின் அளவாகிய 700 மெகாபைட்டுக்குள் அதனை நெருக்கி அடைத்தோரும் உண்டு. அப்போது நொடிக்குக் கிடைப்பது 0.8 மெகாபிட்டுக்கும் குறைவு. அதாவது எழுநூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. இம்மூன்றின் பெயரிலும் '1080' என்னும் ஒரே எண் எழுதப்படுவதுதான் வியப்பு.

எஞ்சாதவை எங்கே போயின? குறியாக்கம் என்பது விட்டுவிடும் கலை. முந்திய சட்டகத்திலிருந்து மாறாத பகுதியை மீண்டும் எழுதாது, மாறியதை மட்டும் எழுதுகிறது. கண்ணுக்குப் புலப்படாது என்று கருதும் நுண்மையைக் கழிக்கிறது. இடம் தாராளமாக இருக்கும்போது இக்கழிவு தெரிவதில்லை. இடம் இறுகும்போது முதலில் பலியாவன மழையும் புகையும், அசையும் இலைகளும், நீரின் மேற்பரப்பும், இருட்டில் நிற்கும் முகமுமாம். வானத்தின் மெல்லிய நிறமாற்றம் படிக்கட்டுப் படிக்கட்டாகப் பிளவுபடும். கறுப்பு நிறம் சதுரக் கட்டங்களாகத் திரளும். நல்ல ஒளிப்பதிவாளர் எதற்காகக் காலைப் பனிக்குக் காத்திருந்தாரோ அதுவே முதலில் போய்விடுகிறது. எண் மட்டும் 1080 ஆகவே நிற்கிறது.

அப்படியானால் பிட் வீதத்தைப் பெயரில் எழுதிவிட்டால் தீர்ந்ததா எனக் கேட்கலாம். அதுவும் தனித்து நின்று பயன் தராது. 2003ஆம் ஆண்டு எச்.264 என்னும் குறிமுறை வந்தது, 2013இல் எச்.265, 2018இல் ஏ.வி.1. பின்வந்தது முன்னதைவிடக் குறைந்த பிட்டில் அதே தெளிவைத் தர முயல்வது. எனவே எம்முறையில் என்று சொல்லாமல் எத்தனை மெகாபிட் என்று மட்டும் சொல்வது, நாணயம் எந்நாட்டது என்று கூறாமல் தொகையை மட்டும் கூறுவதாகும். படத்தின் இயல்பும் இங்கு இடையிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் எல்லாப் படங்களுக்கும் ஒரே ஏணியை வைத்திருந்தது. அதன் உச்சிப்படி 1080 கோடுகளும் நொடிக்கு 5800 கிலோபிட்டும். தட்டையான வண்ணங்களால் ஆன கேலிச்சித்திரப் படத்துக்கு அவ்வளவு தேவையில்லை. புழுதியும் ஓட்டமும் நிறைந்த சண்டைப் படத்துக்கு அது போதவில்லை. 2015ஆம் ஆண்டு இறுதியில் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஏணி அமைக்கும் முறைக்கு மாறியதாக அந்நிறுவனமே விளக்கி எழுதியது.

2020 மார்ச்சு மாதத்து நிகழ்ச்சி இன்னும் தெளிவான சான்று. பெருந்தொற்றால் மக்கள் வீடடைந்து கிடந்த நேரம். இணையப் பாதைகள் நெரியுமோ என்ற அச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேண்டுகோளை ஏற்று நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் போக்குவரத்தை ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு, முப்பது நாளுக்குக் குறைத்தது. எச்.டி.க்குப் பணம் கட்டியவர்க்கு எச்.டி.யும், 4கே-க்குக் கட்டியவர்க்கு 4கே-யும் தொடர்ந்து கிடைக்கும் என்றும் கூறியது. கூறியது பொய்யன்று. கோடுகளின் தொகை குறையவில்லை. கோடுகளுக்குள் இருந்ததே குறைந்தது. நெருக்கடியில் அவ்வாறு செய்ததை நான் குறை கூற மாட்டேன். ஒரு பங்கு செய்தியைக் கழித்த பின்னும் பெயர்ச்சீட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற நேரவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அதே மாதத்தில் இந்திய நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் எச்.டி.யை நிறுத்திவைத்து 480 கோடுகளுக்கு மிகாமல் தர இசைந்தன. தெளிவு குறைந்தது, பெயரும் குறைந்தது. பார்ப்பவரிடம் நேர்மையாக நடந்துகொண்டது இந்த இரண்டாம் முறைதான்.

குறியாக்கத்தைவிட ஆழமானது மூலம் பற்றிய வினா. டேனி பாயில் இயக்கி 2002இல் வெளிவந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி கேனன் நிறுவனத்தின் சிறிய எண்முறை வீடியோ காமிராவால் எடுக்கப்பட்டது. அதன் நாடாவில் பதிந்தவை 576 கோடுகள். வெறிச்சோடிய இலண்டன் தெருக்களைப் போக்குவரத்து மிகச் சிறிது நேரமே நிறுத்தப்பட்ட இடைவெளியில் பிடிக்க அச்சிறு காமிரா உதவியது. அதன் கரடுமுரடான தோற்றமே படத்தின் அழகாகவும் அமைந்தது. அப்படம் பின்னர்ப் புளூரே தட்டாக வந்தபோது உறையில் 1080 என்றே இருந்தது. தட்டின் அளவு அதுதான். ஆனால் மூலத்தில் இல்லாத கோடுகளை எந்தத் தட்டும் ஈன்று தர இயலாது. அப்படத்தைக் கண்டு 'எச்.டி. என்கிறார்கள், மங்கலாக இருக்கிறதே' என்று நொந்துகொள்பவர் ஏமாற்றப்பட்டது படத்தால் அன்று, சீட்டால்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பானது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டாலும், செலவு கருதி வீடியோ நாடாவில் தொகுக்கப்பட்டது. ஆகவே ஒளிபரப்பான வடிவம் சுருளின் நுண்மையை இழந்திருந்தது. 2012 முதல் புளூரே தட்டுகள் வெளிவந்தபோது நாடாவைப் பெரிதாக்கி விற்காமல், மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, புதிதாக ஒளிவருடி, ஒவ்வொரு வெட்டையும் மீண்டும் தொகுத்து, தந்திரக் காட்சிகளையும் மறுபடி இணைத்தனர். பெரும் உழைப்பு, பெருஞ்செலவு. 1993 முதல் 1999 வரை ஓடிய அதன் உடன்பிறப்பான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த முழுச் சீரமைப்பு வாய்க்கவில்லை. 2003இல் டிவிடியாக வந்தது நாடாவின் வடிவமே. இவ்விரு தொடரின் கோப்புகளையும் ஒருவர் 1080 என்று பெயரிட்டு அருகருகே வைக்கலாம். ஒன்று சுருளிலிருந்து வந்தது, மற்றது நாடாவை இழுத்து நீட்டியது என்பதை அந்த எண் ஒருநாளும் சொல்லாது.

மூலத்தைப் பெயரிலேயே கூறும் வழக்கத்தை உண்டாக்கியவர்கள் திருட்டுப் படி எடுப்போர் என்பது கசப்பான உண்மை. 'காம்' என்றால் திரையரங்கில் காமிரா வைத்துப் பிடித்தது. 'டெலிசிங்க்' என்றால் படம் காமிராவில் பிடித்தது, ஒலி மட்டும் அரங்கின் இணைப்பிலிருந்து நேரே எடுத்தது. 'டெலிசினி' படச்சுருளைப் பொறியில் ஓட்டி எடுத்தது. 'டிவிடிரிப்' தட்டிலிருந்து எடுத்து மறுகுறியாக்கம் செய்தது. 'வெப்-டிஎல்' இணையச் சேவை அனுப்பிய கோப்பை மறுகுறியாக்கமின்றி அப்படியே கொண்டது. 'வெப்ரிப்' அதனை மீண்டும் குறியாக்கியது. 'ரீமக்ஸ்' புளூரே தட்டிலுள்ள படத்தையும் ஒலியையும் பிட் மாறாமல் வேறு பெட்டகத்தில் இட்டது. இப்பெயர்களில் ஒரு வரிசை இருக்கிறது. மூலத்துக்கும் கையிலுள்ள கோப்புக்கும் நடுவே எத்தனை கை புகுந்தது என்பதை அவ்வரிசை சொல்லிவிடுகிறது.

இத்தொழிலை நான் போற்றவில்லை. தமிழ்நாடு அரசு 2004ஆம் ஆண்டிலேயே குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் அரங்கில் படம்பிடிப்போர்க்குச் சிறையும் தண்டமும் விதிக்கிறது. பலருடைய ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒரு மாலைப்பொழுதில் களவாடுவது களவுதான். ஆயினும் களவுப்பொருளின் மேல் எழுதப்படும் குறிப்பு, கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருளின் குறிப்பைவிட விரிவாக இருப்பது யாருக்கு இழுக்கு? சேவை நிறுவனங்கள் 'எச்.டி.' என்னும் இரண்டெழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அவர்கள் கையில் மூலம் பற்றிய விவரம் முழுவதும் இருக்கிறது, சொல்லத்தான் மனமில்லை. 2கே அளவில் முடிக்கப்பட்ட படத்தைப் பெருக்கி 4கே என்று விற்பவர், முடித்த அளவு 2கே என்று ஒரு வரி சேர்த்தால் விற்பனை குன்றும் என்று அஞ்சுகிறார் போலும்.

தமிழ் பயின்றோர்க்கு இந்தச் சிக்கல் புதியதன்று. ஏட்டுச்சுவடி படியெடுக்கப் படியெடுக்கப் பிழை பெருகும். ஆகையால் எந்தப் படியிலிருந்து எடுத்தது என்று சொல்லாத படிக்கு மதிப்பில்லை. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், தமக்குக் கிடைத்த சுவடிகள் எவை, உதவியவர் யாவர், குறையுள்ளது எது என்பவற்றை எழுதிவைத்தார். பக்கம் எத்தனை, ஏட்டின் நீளம் என்ன என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் பின்வந்த ஆய்வாளர் கதி என்ன?

சுவடிக்கும் காணொளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு; அது காணொளிக்கு எதிரானது. ஏடெழுதுவோன் கைதவறினால் தளை தட்டும், பொருள் முட்டும். பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். கணினியோ இழப்பை மெருகிட்டு மறைக்க வல்லது. இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் மங்கிய முகத்துக்கு இமைமயிரும் தோல்மடிப்பும் தாமே வரைந்து தருகின்றன. ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்', 'தி அபிஸ்', 'ட்ரூ லைஸ்' ஆகிய படங்கள் 2024இல் 4கே தட்டுகளாக வந்தபோது, இத்தகைய நிரல்களின் உதவியால் முகங்கள் மெழுகுபோல் ஆயின என்று ஒரு சாராரும், படம் துலங்கியது என்று மற்றொரு சாராரும் வழக்காடினர். எந்தச் சாரார் சொல்வது சரியாயினும், தட்டின் மேலிருந்த '4கே' அவ்வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றதாக இருந்தது.

பெயர்ச்சீட்டில் மூலம் இல்லாவிட்டால் பார்ப்பவர்க்குச் சற்று ஏமாற்றம், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு: நல்ல படி இருக்கிறதென்று நம்பி மூலத்தை எறிந்துவிடுதல். 1969 சூலையில் நிலவில் மனிதன் நடந்ததைக் காட்டிய படத்தை எண்ணிப் பாருங்கள். அப்பொல்லோ 11இன் காமிரா நொடிக்கு 10 சட்டகங்கள், சட்டகத்துக்கு 320 கோடுகள் என்னும் தனிமுறையில் அனுப்பியது. தொலைக்காட்சி அதனை ஏற்காது. எனவே தரைநிலையங்களில் அப்படத்தை ஒரு சிறு திரையில் தோன்றச் செய்து, அத்திரைக்கு எதிரே வேறொரு காமிராவை நிறுத்தி, அக்காமிரா கண்டதையே உலகுக்கு ஒளிபரப்பினர். நம் தெருமொழியில் சொன்னால், மானிடம் கண்ட மிகப்பெரும் நிகழ்ச்சியின் படம் ஒரு 'காமிரா பிரிண்ட்'! மாற்றத்துக்கு முந்திய தூய குறிப்பலைகள் தொலையளவை நாடாக்களில் பதிவாகி இருந்தன. பல ஆண்டு கழித்து அவற்றைத் தேடியபோது கிடைக்கவில்லை. அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009இல் அறிவித்தது. எஞ்சியிருந்த ஒளிபரப்புப் படிகளைக் கொண்டே சீரமைப்பு நடந்தது. இன்று அப்படத்தை எத்தனை கோடுகளுக்குப் பெருக்கினாலும் அது அந்தச் சிறு திரையைக் கண்ட காமிராவின் படியே.

மூல வரலாற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பது இயலாத செயலா? ஒலித்துறையில் அது நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1990களில் வகுத்த ஒலிக்கோப்பு வடிவத்தில் 'குறியாக்க வரலாறு' என்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. முதலில் எந்த நாடா, எந்தப் பொறி, பிறகு எந்தக் குறிமுறை, என்ன வீதம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி சேர்ந்துகொண்டே போகும். வானொலி நிலையத்து எழுத்தருக்கு இயன்ற ஒன்று, பல்லாயிரம் கோடி புரளும் காணொளித் தொழிலுக்கு இயலாது என்பதை ஏற்பதற்கில்லை.

சொற்கள் பற்றியும் இங்கே ஒன்று கூறிவிடுகிறேன். 'ரீமக்ஸ்', 'வெப்ரிப்' முதலியவற்றை அப்படியே வழங்கலாம், குற்றமில்லை. ஆனால் 'படி' என்னும் நம் சொல் இப்பணிக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. மாற்றமின்றிப் பெட்டகம் மாறியதை நேர்ப்படி என்றும், மறுகுறியாக்கம் பெற்றதை மறுபடி என்றும், திரையைப் பார்த்துப் பிடித்ததைத் திரைப்படி என்றும், மூலத்தினும் பெரிதாக்கியதைப் பெருக்குப்படி என்றும் சொல்லலாமே. 'மறுபடி' என்பதற்கு வழக்கில் வேறு பொருள் இருப்பதால் நகைப்போர் நகைக்கட்டும்; மீண்டும் மீண்டும் செய்வதைத்தானே இங்கும் அது குறிக்கிறது?

இது நம் கல்லூரிகளின் வாயிலுக்கும் வந்துவிட்ட செய்தி. 1980களிலும் 1990களிலும் நடந்த கருத்தரங்குகள், கவியரங்குகள், ஆய்வுரைகள் வி.எச்.எஸ். நாடாவில் பதிவாகிப் பல துறைகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. அந்நாடா குறுக்குவாட்டில் ஏறத்தாழ 240 கோடுகளையே பிரித்துக் காட்டவல்லது. அதனை ஒரு கடையில் கொடுத்து டிவிடி ஆக்குகிறோம்: முதற் குறியாக்கம். யாரோ அதைக் கணினியில் சிறு கோப்பாக மாற்றுகிறார்: இரண்டாவது. கைப்பேசிச் செய்தியாக அது ஊரெல்லாம் போகிறது: மூன்றாவது. பின்னொரு நாள் விழாவுக்காக ஒரு மாணவர் அதனைத் தொகுப்பு நிரலில் இட்டு 1920க்கு 1080 என்று வெளியிடுகிறார்: நான்காவது. கோப்பின் பெயரில் 'எச்.டி.' ஏறிவிடுகிறது. அலமாரியைத் துப்புரவு செய்ய வருபவர் கேட்பார்: 'எச்.டி.யே இருக்கும்போது பூஞ்சை பிடித்த இந்த நாடா எதற்கு?' அந்தக் கேள்விக்கு விடை கூற அந்த அறையில் அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். சீட்டுத்தான் பேச வேண்டும்.

அதனால் அச்சீட்டில் இப்படி எழுதலாம்: 'மூலம்: வி.எச்.எஸ். நாடா, பால் முறை, 1994, துறை அலமாரியில் உள்ளது. எண்முறையாக்கம்: நாடாவிலிருந்து நேரே, இழப்பில்லாக் குறிமுறை, 576 கோடுகள். இக்கோப்பு: அதிலிருந்து எடுத்த மறுபடி, எச்.264, பெருக்கப்படவில்லை.' மூன்றே வரிகள். வீட்டு வி.சி.ஆர். பொறிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 சூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவை ஓட்டத்தக்க பொறி ஊரில் ஒன்றிரண்டேனும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்குவது நலம். தலை தேய்ந்த பொறியில் ஓட்டியதாயின் அதையும் நான்காம் வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.